நிறுத்து: ஒரு வினைச்சொல்லும் நம் வகுப்பறையும்

(குறுவள மையக் கூட்டமொன்றில் தொடக்க, நடுநிலை, உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்ப் பாடத்தில் சொல்வளம் பற்றி அரைமணி நேரம் பேசும்படி கேட்டிருந்தார்கள். சொல்வளம் என்றதும் நாம் அரிய சொற்களைத் தேடிப் போகிறோம். அகராதியைப் புரட்டி, மாணவர் கேட்டிராத சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதற்கு நேரே பொருள் எழுதிப் போடுகிறோம். அதுவும் தேவைதான். ஆனால் மாணவர் வாயில் நாள்தோறும் புழங்குகிற ஒரு சொல்லை எடுத்து, அது எத்தனை வேலை செய்கிறது என்று காட்டினால் அதிலும் சொல்வளம் உண்டு. எனவே இன்று ஒரே ஒரு வினைச்சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சொல் ‘நிறுத்து’.

காலை முதல் மாலை வரை பள்ளியில் நாம் அதிகம் சொல்லும் சொற்களில் இதுவும் ஒன்று. “பேச்சை நிறுத்து”, “வரிசையை நிறுத்து”, “நிறுத்திப் படி”, “அவனை முன்னால் நிறுத்து”. நான்கு இடத்திலும் சொல் ஒன்றே. பொருள் ஒன்றா? அதைத்தான் பார்க்கப் போகிறோம். தமிழாசிரியர்களுக்கு மட்டுமான பேச்சு என்று மற்றவர்கள் நினைக்க வேண்டாம். கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் இடையில் வருவார்கள். முடிவில் நம் எல்லாருக்கும் பொதுவான ஒரு வேலைக்கு இந்தச் சொல் நம்மைக் கொண்டுபோய்விடும்.

நில் என்னும் வேர்

முதலில் குடும்பத்தைப் பார்ப்போம். ‘நில்’ என்பது தன்வினை. நின்றான், நிற்கிறான், நிற்பான். நிற்பவர் தாமே நிற்கிறார். ‘நிறுத்து’ அதன் பிறவினை. நிறுத்தினான், நிறுத்துகிறான், நிறுத்துவான். இங்கே ஒருவர் செய்ய, இன்னொருவரோ இன்னொரு பொருளோ நிற்கிறது. நட – நடத்து, படு – படுத்து, கிட – கிடத்து, இரு – இருத்து, தாழ் – தாழ்த்து, வீழ் – வீழ்த்து என்று இதே அமைப்பில் பல இணைகள் தமிழில் உண்டு. ஓடு – ஓட்டு, ஆடு – ஆட்டு, திருந்து – திருத்து போன்றவை வேறு அமைப்பு, வேலை ஒன்றுதான்.

இந்த இணைகளை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், ஒரு கேள்வியோடு கொடுத்துப் பாருங்கள். “யார் செய்தது?” என்பதே அந்தக் கேள்வி. “வண்டி நின்றது.” யார் செய்தது? தெரியாது. பெட்ரோல் தீர்ந்திருக்கலாம், ஓட்டுநர் காலை மிதித்திருக்கலாம். “வண்டியை நிறுத்தினார்.” யார் செய்தது? ஓர் ஆள் இருக்கிறார். தன்வினையில் மறைந்திருந்த ஆள் பிறவினையில் வெளியே வந்துவிடுகிறார். ஆறாம் வகுப்பு மாணவருக்கும் இது உடனே பிடிபடுகிறது. இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

இதே வேரிலிருந்து வந்த பெயர்ச்சொற்களையும் கரும்பலகையில் எழுதலாம். நிலை, நிலையம், நிலுவை, நிறுத்தம், நிறுவனம். பேருந்து நிலையத்துக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் பிள்ளைகளே சொல்வார்கள். நிலையத்தில் வண்டி வந்து நிலைகொள்கிறது, அங்கிருந்து புறப்படுகிறது. நிறுத்தத்தில் வழியில் போகிற வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்துகிறார்கள். தன்வினைப் பொருளும் பிறவினைப் பொருளும் ஊரின் பெயர்ப்பலகையிலேயே இருக்கின்றன.

ஒரு சொல், பல பொருள்

இனி ‘நிறுத்து’ தரும் பொருள்களை வகைப்படுத்துவோம். நான் ஐந்தாகப் பிரித்துக்கொண்டு வகுப்பில் நடத்துகிறேன்.

முதலாவது, ஓடுவதை ஓடாமல் செய்வது. “பேருந்தை நிறுத்தினார்”, “மின்விசிறியை நிறுத்து”. இதுதான் கேட்டதும் மனத்தில் தோன்றும் பொருள்.

இரண்டாவது, தொடர்ந்து செய்துவந்த ஒன்றை விட்டுவிடுவது. “புகைப்பதை நிறுத்தினார்”, “நாளிதழை நிறுத்திவிட்டோம்”, “மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்”. இங்கே எந்தப் பொருளும் ஓடவில்லை. ஒரு வழக்கம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்துகிறோம்.

மூன்றாவது, ஒன்றை எழுந்து நிற்கச் செய்வது. “கம்பத்தை நிறுத்தினார்கள்”, “பந்தக்காலை நிறுத்து”, “சாய்ந்த சைக்கிளை நேராக நிறுத்து”. முதல் பொருளில் நிறுத்துவது ஓர் இயக்கத்தை முடிக்கிறது. இங்கே நிறுத்துவது ஒரு தொடக்கம். கம்பம் நின்றால்தான் அடுத்த வேலை.

நான்காவது, ஒருவரை ஓரிடத்தில் அல்லது ஒரு பொறுப்பில் கொண்டுவந்து வைப்பது. “தேர்தலில் வேட்பாளரை நிறுத்தினார்கள்”, “நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள்”, “வாசலில் காவலுக்கு ஆள் நிறுத்தினார்கள்”. ‘முன்னிறுத்து’ என்ற சொல்லும் இந்த வகைதான்.

ஐந்தாவது, மனத்திலோ அறிவிலோ நிலைபெறச் செய்வது. “நினைவில் நிறுத்து”, “கண்முன் நிறுத்தினார்”, “கருத்தை நிலைநிறுத்தினார்”. இங்கே நிறுத்துவது என்றால் அழியாமல் காப்பது.

பாருங்கள், “பாடத்தை நிறுத்தினேன்” என்றால் பாடம் முடிந்தது அல்லது விட்டுப்போனது. “பாடத்தை மனத்தில் நிறுத்தினேன்” என்றால் பாடம் நிலைத்துவிட்டது. ஒரே வினை, இடையில் ‘மனத்தில்’ என்ற ஒரு சொல் வந்ததும் பொருள் நேர் எதிராகத் திரும்புகிறது. எனவே ஒரு சொல்லின் பொருளை அந்தச் சொல்லுக்குள் மட்டும் தேடக் கூடாது, அது எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இதை மாணவருக்கு உணர்த்த இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

‘நிறுத்தி’ என்ற வினையெச்சமும் நமக்கு உதவும். “நிறுத்தி நிதானமாகப் பேசினார்” என்றால் பேச்சை முடித்துவிட்டார் என்று பொருளில்லை. இடைவெளி விட்டுத் தெளிவாகப் பேசினார். வாய்விட்டு வாசிக்கும் பயிற்சியில் நாம் சொல்லும் “நிறுத்திப் படி”யும் இதுதான். எங்கே நிறுத்துவது என்று காட்டத்தான் நிறுத்தற்குறிகள் இருக்கின்றன. இந்த இரண்டு வாக்கியங்களையும் எழுதிப் போடுங்கள்:

ஆசிரியர், நிறுத்தாமல் வாசித்த மாணவியைப் பாராட்டினார்.

ஆசிரியர் நிறுத்தாமல், வாசித்த மாணவியைப் பாராட்டினார்.

முதல் வாக்கியத்தில் நிறுத்தாமல் வாசித்தவர் மாணவி. இரண்டாவதில் நிறுத்தாமல் பாராட்டியவர் ஆசிரியர். காற்புள்ளி ஓரிடம் தள்ளிப்போனதும் செயல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்விட்டது. நிறுத்தற்குறி மதிப்பெண்ணுக்காக மட்டும் இல்லை என்று இதைப் பார்த்தபின் சொன்னால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

எடை போடும் நிறுத்து

இப்போது ஒரு சிக்கல். “கடைக்காரர் வெல்லத்தை நிறுத்துக் கொடுத்தார்.” இங்கே வரும் ‘நிறுத்து’ நாம் இதுவரை பார்த்த சொல் இல்லை. இது ‘நிறு’ என்ற வினையின் எச்சம். நிறு என்றால் எடை பார். நிறுத்தான், நிறுக்கிறான், நிறுப்பான். அதிலிருந்துதான் நிறுவை. பழைய கணக்குப் பாடத்தின் எண்ணலளவை, நீட்டலளவை, முகத்தலளவை, நிறுத்தலளவை என்ற நான்கும் மூத்த ஆசிரியர்களுக்கு நினைவிருக்கும். இன்றைய பிள்ளைகள் ‘எடை போடு’ என்றுதான் சொல்கிறார்கள். அதனால் ‘நிறுத்து’ என்று பாடத்தில் வரும்போது தடுமாறுகிறார்கள்.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி, காலம் மாற்றிச் சொல்வது. “நிறுத்தான்” என்றால் எடை போட்டான். “நிறுத்தினான்” என்றால் நிற்கச் செய்தான். “நிறுக்கிறான்”, “நிறுத்துகிறான்” என்று நிகழ்காலத்தில் இன்னும் தெளிவாகப் பிரிந்துவிடும்.

இன்னொரு வழி, வல்லினம் மிகுதல். இந்த மூன்று தொடர்களையும் பாருங்கள்.

பையை நிறுத்து பார்க்கலாம். (நிற்கச் செய் என்ற ஏவல். ஏவலுக்குப் பின் வல்லினம் மிகாது.)

பையை நிறுத்துப் பார். (எடை போட்டுப் பார். வன்தொடர்க் குற்றியலுகர வினையெச்சத்துக்குப் பின் மிகும்.)

பையை நிறுத்திப் பார். (நிற்கவைத்துப் பார். இகரத்தில் முடியும் வினையெச்சத்துக்குப் பின் மிகும்.)

ஒற்று மிகுவதும் மிகாததும் விதிக்காக மட்டுமே என்று நினைக்கும் மாணவருக்கு, ஒரு ‘ப்’ இல்லாவிட்டால் எடை போடுவது நிற்கவைப்பதாகிவிடும் என்று காட்ட முடிகிறது. ஒரு பையையும் ஒரு தராசையும் வகுப்புக்குக் கொண்டுபோனால் மூன்றையும் செய்தே காட்டலாம். நாற்பது நிமிடப் பாடவேளையில் இதற்குப் பத்து நிமிடம் போதும்.

கணக்கு ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்றேன். ‘என நிறுவுக’ என்று கணக்கில் எழுதுகிறோமே, அந்த ‘நிறுவு’ம் இந்தக் குடும்பம்தான். ஒரு கூற்றை ஆட்ட முடியாதபடி நிற்கச் செய்வதே நிறுவுதல். நிறுவனமும் அப்படித்தான். ஒருவர் போனாலும் நிற்கும்படி அமைக்கப்பட்டது. மாணவர்கள் ‘நிறுவுக’ என்பதை ஏதோ கணக்குக்கென்று செய்த சொல்லாக நினைக்கிறார்கள். வீட்டில் பேசும் சொல்லுக்கு உறவு என்று தெரிந்தால் அந்தக் கேள்வியின் மீதுள்ள அச்சம் கொஞ்சம் குறையும்.

தடு, மறி, நிறுத்து

ஒரு சொல்லின் எல்லை தெரிய வேண்டுமானால் பக்கத்துச் சொற்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். அசைவை முடக்கும் வினைகள் தமிழில் பல. தடு, மறி, மடக்கு, அடை, தேக்கு. இவற்றில் தடு, மறி இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

தடுப்பது, நடக்கும் முன்பே நடக்கலாம். தடுப்பூசி நோய் வரும் முன் போடுவது. ‘நிறுத்தூசி’ என்று யாரும் சொல்வதில்லை. நிறுத்துவதற்கு ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மழையைத் தடுக்கக் குடை பிடிக்கிறோம். குடை மழையை நிறுத்தாது. மறிப்பது என்றால் எதிரே போய் நின்று வழியை அடைப்பது. மறிப்பவர் தம் உடலோடு அங்கே இருக்கிறார். அதனால்தான் சாலை மறியல் என்கிறோம். சாலை நிறுத்தல் என்பதில்லை.

நாளிதழ்களில் ஒரு தொடர் அடிக்கடி வரும்: “குழந்தைத் திருமணத்தைத் தடுத்து நிறுத்தினர்.” இரண்டு வினை எதற்கு என்று மாணவரிடம் கேட்கலாம். நடக்கவிருந்த திருமணத்தைத் தடுத்தார்கள்; அதற்காகத் தொடங்கிவிட்ட ஏற்பாடுகளை நிறுத்தினார்கள். இரண்டு சொல்லும் அங்கே தத்தம் வேலையைச் செய்கின்றன. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006 என்பதில் ‘தடை’ என்று வருவதும் கவனிக்கத்தக்கது. அந்தச் செய்தியையே பத்தாம் வகுப்பில் வாசிக்கக் கொடுத்தால் சொல்லும் தெரியும், சட்டமும் தெரியும், 1098 என்ற எண்ணும் தெரியும்.

துணைவினை சொல்லும் செய்தி

இதுவரை சொன்னது வகுப்பறைக்கு. இனிச் சொல்வது நாம் வகுப்பறையை விட்டு வெளியே போகும் நேரத்துக்கு.

ஒவ்வோர் ஆண்டும் பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்கப் போகிறோம். நீண்ட நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கும் போகிறோம். வாசலில் நின்று, “பாப்பா ஏன் பள்ளிக்கூடம் வரலை?” என்று கேட்கிறோம். வரும் பதிலில் பெரும்பாலும் நம்முடைய இந்தச் சொல்தான் இருக்கும். ஆனால் அது ஒரே வடிவத்தில் வராது. நான் கேட்டவற்றைச் சொல்கிறேன்.

“நிறுத்திட்டோம்.” நிறுத்திவிட்டோம் என்பதன் பேச்சு வடிவம். ‘விடு’ என்ற துணைவினை, முடிவு எடுத்தாயிற்று என்று சொல்கிறது. ‘ஓம்’ என்ற விகுதி, எடுத்தவர்கள் நாங்கள்தான் என்று சொல்கிறது. பேச வேண்டிய ஆள் எதிரிலேயே இருக்கிறார்.

“நிறுத்தி வச்சிருக்கோம்.” இங்கே ‘வை’ என்ற துணைவினை. எடுத்து வைத்த பொருளைத் திரும்ப எடுக்கலாம். அறுவடை முடியட்டும், பாட்டிக்கு உடம்பு தேறட்டும் என்று ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறார்கள். கதவு திறந்திருக்கிறது. “எதுவரைக்கும்?” என்ற ஒரு கேள்வி கேட்டால் போதும், பேச்சு தொடங்கிவிடும்.

“நின்னுட்டா.” தன்வினை. அவளே நின்றுவிட்டாளாம். இங்கேதான் நம் பழைய கேள்வியைக் கேட்க வேண்டும். யார் செய்தது? அவளிடம் தனியாகப் பேசாமல் அந்த வீட்டை விட்டு வரக் கூடாது.

“நின்னு போச்சு.” ‘போ’ என்ற துணைவினை, விரும்பாதது நடந்துவிட்டது என்ற வருத்தத்தைக் காட்டுகிறது. இங்கே பெற்றோர் நம் பக்கம் இருக்கிறார்கள். தடையாக இருப்பது வேறு ஏதோ. அது சான்றிதழாக இருக்கலாம், தூரமாக இருக்கலாம், கடனாக இருக்கலாம்.

“நிறுத்தியாச்சு.” ஆயிற்று என்று முடியும்போது செய்தவர் பெயரே வாக்கியத்தில் இல்லை. பேச விரும்பாதவர் சொல்லும் வடிவம் பெரும்பாலும் இது. அவசரப்படாமல் இன்னொரு நாள் போக வேண்டும்.

“படிப்பை நிறுத்திக்கிட்டான்.” ‘கொள்’ என்ற துணைவினை, தனக்காகத் தானே செய்துகொண்டான் என்கிறது. தம்பி தங்கையைப் படிக்கவைக்கத் தான் வேலைக்குப் போகிற மூத்த பிள்ளைகளைப் பற்றி இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மலையடிவாரக் கிராமம் ஒன்றில் ஒரு தாய் சொன்ன வாக்கியத்தை நான் மறக்கவில்லை. “பஸ்ஸை நிறுத்திட்டாங்க சார், அதனால பிள்ளையையும் நிறுத்திட்டோம்.” ஒரே வினை இரண்டு முறை. முதலில் ஓடிய வண்டி. அடுத்து ஓடிய படிப்பு. ‘ஆங்க’ என்று முடிந்த முதல் வினையின் எழுவாய் யார் என்று அவருக்கும் தெரியாது. அந்த வாக்கியத்தைப் பதிவேட்டில் ‘விருப்பமின்மை’ என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். அந்தப் பெண்ணுக்கு விருப்பம் இருந்தது. வண்டிதான் இல்லை.

துணைவினைகளின் வேறுபாடு நமக்குப் புதிதில்லை. 2020இல் கொரோனா காலத்தில் அகவிலைப்படி உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. அப்போது நாம் எல்லாரும், “நிறுத்திட்டாங்களா, நிறுத்தி வச்சிருக்காங்களா?” என்றுதான் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். விடுவுக்கும் வைக்கும் என்ன வேறுபாடு என்று அன்று யாரும் நமக்கு இலக்கணம் சொல்லித் தரவில்லை. அதே கூர்மையோடு ஒரு தாய் சொல்வதையும் கேட்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

பிள்ளையை நிறுத்துவது

நம் பக்கத்தையும் பார்ப்போம். பள்ளிக்குள் நாம் பிள்ளைகளை எப்படியெல்லாம் நிறுத்துகிறோம்?

வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. சில இடங்களில் இன்னும் இருக்கிறது. குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவு உடல்சார் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. சட்டம் இருக்கட்டும். வெளியே நிற்கும் பிள்ளைக்கு அந்தப் பாடவேளையில் என்ன கிடைத்தது? எழுதாத பாடத்தோடு நடத்திய பாடமும் போயிற்று. இப்படிப் பல நாள் வாசலில் நின்ற பிள்ளைக்கு, வாசலிலிருந்து வீடு அதிக தூரமில்லை.

அதே பிள்ளையைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்க முன்னால் நிறுத்தலாம். இரண்டும் நிறுத்துவதுதான். ஒன்று நாம் முதலில் பார்த்த பொருள். இன்னொன்று நான்காவது பொருள். எந்தப் பொருளில் நிறுத்துகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

இன்னொரு நிறுத்தம், அதே வகுப்பில் நிறுத்திவைப்பது. மேற்சொன்ன சட்டத்தின் 16ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு, முடியும் வரை எந்தக் குழந்தையையும் ஒரு வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. 2019இல் வந்த திருத்தம், ஐந்து, எட்டு வகுப்புகளில் நிறுத்திவைப்பது பற்றி மாநிலங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்றது. நம் மாநிலத்தில் அந்த இரு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டு, 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. எட்டாம் வகுப்பு வரை நிறுத்திவைப்பதில்லை என்ற நடைமுறை தொடர்கிறது.

“நிறுத்தாவிட்டால் படிப்பார்களா?” என்று சில நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கவலைதான். எழுத்துக் கூட்டத் தெரியாமல் ஒன்பதாம் வகுப்புக்கு வரும் பிள்ளையை நானும் பார்க்கிறேன். ஆனால் நிறுத்திவைப்பது அந்தப் பிள்ளைக்கு எழுத்தைக் கற்றுத் தருவதில்லை. தோழர்களைப் பிரித்து, சிறியவர்களோடு உட்காரவைக்கிறது. எழுத்தைக் கற்றுத் தருவது தினமும் அவனுக்கென்று ஒதுக்கும் இருபது நிமிடம்தான். அதை மூன்றாம் வகுப்பிலேயே ஒதுக்கினால் எட்டாம் வகுப்பில் இந்தக் கேள்வியே எழாது. இது தடுப்பு. எட்டாம் வகுப்பில் நிறுத்துவது, நோய் வந்தபின் ஊசி தேடுவது.

இடைநிற்றல் என்ற சொல்

கடைசியாக, நம் பதிவேடுகளில் இருக்கும் ஒரு சொல்: இடைநிற்றல். நல்ல தமிழ்ச் சொல். ஆனால் அது தன்வினை. ‘இடைநின்ற மாணவர்’ என்று எழுதும்போது, அந்தப் பிள்ளை தானாக நின்றதாக வாக்கியம் சொல்லிவிடுகிறது. நிறுத்தியவர் யார், நிறுத்தியது எது என்ற கேள்வி எழவே இடமில்லை.

அறிவியல் ஆசிரியர்களை இங்கே துணைக்கு அழைக்கிறேன். நியூட்டனின் முதல் விதி என்ன சொல்கிறது? இயங்கும் பொருள் தானாக நிற்பதில்லை. புறவிசை ஒன்று செயல்படும் வரை அது சீராக இயங்கிக்கொண்டே இருக்கும். தரையில் உருட்டிய பந்து தானாக நின்றதுபோலத் தோன்றுகிறது. உண்மையில் உராய்வு அதை நிறுத்தியது. உராய்வு கண்ணுக்குத் தெரியாததால் பந்து ‘நின்றது’ என்கிறோம்.

எட்டு ஆண்டு ஓடிவந்த பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் நின்றால் அங்கேயும் ஒரு விசை இருக்கும். மகளிர் கழிப்பறையில் தண்ணீர் இல்லாதது ஒரு விசை. வயதுக்கு வந்த பெண்ணை ஊர் பார்க்கும் பார்வை ஒரு விசை. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போவது ஒரு விசை. முன்பணம் கொடுத்து அழைத்துப் போகும் ஆள் ஒரு விசை. வகுப்பில் ஒருவர் சொன்ன ஒரு சொல்லும் விசைதான். இவற்றில் சிலவற்றை நம்மால் மாற்ற முடியாது. சிலவற்றை மாற்ற முடியும். எது என்று தெரியவேண்டுமானால் முதலில் அதற்குப் பெயர் வைக்க வேண்டும்.

பதிவேட்டின் தலைப்பை மாற்றும் அதிகாரம் நமக்கு இல்லை. ‘காரணம்’ என்ற கட்டத்தை நிரப்பும் பொறுப்பு நமக்கு இருக்கிறது. ‘குடும்பச் சூழல்’ என்று இரண்டு சொல்லில் முடிக்காமல், எழுவாய் உள்ள ஒரு வாக்கியமாக எழுதிவைப்போம். “தாய்க்கு அறுவைச் சிகிச்சை நடந்ததால், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தந்தை நிறுத்திவைத்திருக்கிறார்.” இப்படி எழுதினால், அடுத்து யாரிடம் பேச வேண்டும், எப்போது பேச வேண்டும் என்று அந்த வாக்கியமே சொல்லிவிடும். கட்டத்தில் இடம் போதாவிட்டால் நம் குறிப்பேட்டில் எழுதலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அந்த வாக்கியத்தை வாசித்தால், வந்திருக்கும் பெற்றோர்களில் யாரோ ஒருவருக்கு அந்த வீடு தெரிந்திருக்கும்.

திரும்பி வருவதற்குச் சட்டமும் வழி வைத்திருக்கிறது. இடையில் விட்ட குழந்தையை அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், மற்றவர்களோடு சேர்ந்து படிக்கும் அளவுக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று 4ஆம் பிரிவு சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது 15ஆம் பிரிவு. ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இது உரிமை. வாசலில் நின்று பேசும்போது, “இப்ப வந்தா சேத்துக்குவாங்களா சார்?” என்று கேட்பார்கள். “சேர்த்தே ஆக வேண்டும்” என்று உறுதியாகச் சொல்லலாம். மேல்வகுப்புப் பெண்ணின் பெற்றோரிடம், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படித்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும் என்பதையும் சொல்லலாம்.

நாளைக்கு ஒரு பாடவேளை

போகும்போது கையில் ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? நாளைக்கே செய்யக்கூடிய ஒரு செயல்பாடு. கரும்பலகையில் ‘நிறுத்து’ என்று மட்டும் எழுதுங்கள். தொடக்க வகுப்பானால், “வீட்டில் யார், எதை நிறுத்தினார்கள்?” என்று ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். நடுநிலை வகுப்பானால், அந்த வாக்கியங்களை ஐந்து பொருள்களின் கீழ்ப் பிரிக்கச் சொல்லுங்கள். உயர்நிலை வகுப்பானால், ஒவ்வொரு வாக்கியத்தையும் தன்வினைக்கு மாற்றி, மாற்றும்போது யார் மறைந்துபோகிறார் என்று எழுதச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் சொல்லும் வாக்கியங்களைக் கவனமாகக் கேளுங்கள். “அப்பா குடிக்கறத நிறுத்திட்டாரு” என்று ஒரு குழந்தை மகிழ்ச்சியோடு சொல்லும். “அக்காவை நிறுத்திட்டாங்க” என்று இன்னொரு குழந்தை சாதாரணமாகச் சொல்லிவிட்டு உட்காரும். அந்த இரண்டாவது வாக்கியத்தை அப்படியே கடந்துபோகாதீர்கள். அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போய், “நிறுத்திட்டீங்களா, நிறுத்தி வச்சிருக்கீங்களா?” என்று கேளுங்கள்.